இருநூறு மீட்டர்

கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது எதனால் என்று ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் கூடி யோசித்தார்கள். ஒன்று போகப்போகும் வழி மற்றதற்குத் தெரியாததால்தான் என்று கண்டுபிடித்தார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்று தெரியாமல் குறுகிய சந்தில் முட்டிக்கொண்ட எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஆகவே ஒவ்வொரு கப்பலும் புறப்படுவதற்கு முன் தன் பாதையை எழுதி ஓரிடத்தில் கொடுக்க வேண்டும், அந்த இடம் அதை மற்ற எல்லாக் கப்பல்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த இடத்துக்குப் பயணப்பாதைப் பகிர்வு மையம் என்று பெயர் வைத்து, சுங்க அலுவலகத்துக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் திறந்தார்கள்.

முதல் மூன்று மாதம் மையம் நன்றாகவே நடந்தது. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. கேப்டன்கள் தங்கள் திரையைப் பார்த்து, "ஓ, இவன் கிழக்கே ஒதுங்கப் போறான், நாம மேற்கே போயிடுவோம்" என்று சுக்கானைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் யாரையும் முட்டவில்லை. மையத்தில் இருந்த ஐந்து பேரும் காலையில் வந்த பாதைகளை மதியத்துக்குள் அனுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எதுவுமே நடக்காத ஓர் அலுவலகத்தை மேலிடம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்? நான்காவது மாதம் இயக்குநர் வந்து சேர்ந்தார்.

இயக்குநர் ரயில் கால அட்டவணைப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். கப்பலில் ஏறியதே இல்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. கப்பலில் ஏறியவர்களுக்குக் கடலைப் பற்றி நடுநிலையாகப் பேச வராது என்பது அவர் கட்சி. வந்த அன்று ஜன்னலோரம் போய் நின்று கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"எல்லாம் இருக்கு," என்றார். "தண்டவாளம் ஒண்ணுதான் இல்ல."

பிறகு ஐந்து பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு பேசினார். "பாதையை எழுதிக் கொடுக்கறாங்க, நாமளும் அனுப்பறோம். சரி. எழுதின மாதிரிதான் போறாங்களா? யாராவது பாத்தீங்களா? சொன்ன சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? என் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டு ஒருத்தர் வரல. இன்னிவரைக்கும் அவரோட நான் பேசறதில்ல."

அந்த வாரமே சுவர் நிறைய ஒரு திரை மாட்டப்பட்டது. ஒவ்வொரு கப்பலும் அதில் ஒரு புள்ளி. எழுதிக் கொடுத்த பாதையில் போனால் பச்சை, விலகினால் சிவப்பு. புள்ளியின் பக்கத்தில் எத்தனை மீட்டர் விலகியிருக்கிறது என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும், அதே எண் அந்தக் கப்பலின் திரையிலும் ஓடும். சிவப்பான கப்பல்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப விலகல் பிரிவு என்று ஒன்று பிறந்தது. மூன்று நோட்டீஸ் வாங்கினால் கேப்டனின் லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்படும். பிரிவுக்கு ஆள் ஒருவர்தான். அவர்தான் நம் கதையின் குமாஸ்தா.

குமாஸ்தாவும் ஒரு காலத்தில் கடலில் இருந்தவர். அக்காவின் கணவர் சிமென்ட் ஏற்றும் ஒரு சின்னக் கப்பலின் கேப்டன். அவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடமும் வாந்தி எடுத்தார். கடைசியில் அத்தானே, "உன் கையெழுத்து நல்லா இருக்கு மாப்ளே, வயிறுதான் சரியில்ல. கரையில ஏதாவது பாப்போம்" என்று சொல்லி, யார் யாரிடமோ நடந்து இந்த மையத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றி குமாஸ்தாவுக்கு உண்டு. மாதம் ஒரு ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறபோது அதை அவர் தவறாமல் நினைத்துக்கொள்வார்.

எத்தனை மீட்டர் தாண்டினால் விலகல் என்ற கேள்வி வந்தபோது இயக்குநர் ஐம்பது என்றார்.

"நீரோட்டம் இருக்கு சார்," என்றார் குமாஸ்தா பயந்துகொண்டே. "ஐம்பது மீட்டருக்குள்ள யாராலயும் நிக்க முடியாது."

"நீரோட்டத்துக்கு யார் அனுமதி கொடுத்தாங்க?"

ஆனால் அன்று குமாஸ்தா விடவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி ஐம்பதை எழுபத்தைந்தாக்கி, எழுபத்தைந்தை நூறாக்கி, சாயங்காலம் ஆவதற்குள் இருநூறில் கொண்டு வந்து நிறுத்தினார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே அக்காவுக்கு ஃபோன் போட்டு, "அத்தான்கிட்ட சொல்லுக்கா, கப்பல்காரங்களுக்கு இன்னிக்கு நூத்தம்பது மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார். அக்காவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விலகலுக்கு மையம் ஒப்புக்கொண்ட காரணங்கள் நான்கு. புயல், இயந்திரக் கோளாறு, தீ, கப்பலில் மரணம். இவற்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். குமாஸ்தா இரக்கமில்லாதவர் அல்ல. சிவப்பான கேப்டன்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஃபோன் செய்து, "காத்து கொஞ்சம் பலமா இருந்துச்சுல்ல? அப்படியே எழுதிடுங்க" என்று மெதுவாகச் சொல்வார். அதனால் அந்த வருடம் அந்தக் கடலில் வரலாறு காணாத புயல்கள் பதிவாயின. வானிலை அலுவலகம் தன் கருவிகளைப் பழுது பார்க்க அனுப்பியது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை காலை அத்தானின் புள்ளி சிவப்பானது. அறுநூற்று இருபது மீட்டர். குமாஸ்தா ஃபோனைக் கையில் எடுத்தார். அடுத்த மேசையில் இருந்த ஓர் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அவர் குறுக்குப் பிரிவைக் கவனிப்பவர். இரண்டு கப்பல்களின் பாதைகள் எங்கேயாவது வெட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் சும்மாதான் பார்த்தார். ஆனால் குமாஸ்தாவுக்கு, சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாளைக்கு நாலு பேர் நாக்கில் பல் படாமல் பேசுவார்களே என்று தோன்றிவிட்டது. ஃபோனை வைத்துவிட்டு நோட்டீஸை எடுத்து, அத்தான் மெச்சிய அதே கையெழுத்தில் எழுதினார்.

அத்தானின் பதில் ஒரு வரி. "வழியில் வலை கிடந்தது, சுற்றிக்கொண்டு போனேன்."

இது எந்தக் கப்பல்காரரும் செய்கிற காரியம். மீன்பிடி வலை அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீரில் கிடக்கும். மேலே மிதவைகள் மட்டும் தெரியும், ஒரு முனையில் படகு கட்டியிருக்கும். படகைத் தாண்டிவிட்டோம் என்று நடுவில் புகுந்தால் வலை கப்பலின் புரொப்பல்லரில் சுற்றிப் படகையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முழு வலையையும் சுற்றித்தான் போக வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் குமாஸ்தாவே இதை நூறு தடவை பார்த்திருக்கிறார். பதிலை இயக்குநரிடம் கொண்டுபோனார்.

"யாரோட வலை?" என்றார் இயக்குநர்.

"படகுக்காரங்களோடது சார்."

"அந்தப் படகு பாதை எழுதிக் கொடுத்திருக்கா?"

"படகெல்லாம் கொடுக்கறதில்ல சார்."

"அப்படின்னா நம்ம கணக்குப்படி அங்க ஒண்ணும் இல்ல. இல்லாத ஒண்ணுக்கு உங்க ஆளு எதுக்கு அறுநூறு மீட்டர் ஒதுங்கினாரு?"

ஆனாலும் இயக்குநர் நியாயஸ்தர். படகுக்காரர்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று கூட்டம் போட்டார். நாற்பது பேர் வந்தார்கள். பதினான்கு பத்திகள் கொண்ட படிவம் ஆளுக்கொன்று கொடுக்கப்பட்டது. புறப்படும் இடம், திரும்பும் இடங்கள், ஒவ்வோர் இடத்தையும் அடையும் நேரம், எல்லாம் முந்தைய நாளே எழுத வேண்டும். பின்வரிசையில் இருந்த ஒரு படகுக்காரர் எழுந்து, "மீன் எங்க போகும்னு மொதநாளே எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார்.

"அது மீன்களோட நிர்வாகக் குறை," என்றார் இயக்குநர். "அதுக்கு இந்த மையம் பொறுப்பாக முடியாது."

கூட்ட முடிவில், பாதையைப் பகிராத படகு கடலில் இல்லாததாகக் கருதப்படும் என்று தீர்மானம் நிறைவேறியது. அத்தானின் விளக்கம் தள்ளுபடியானது. முதல் நோட்டீஸ் உறுதியாயிற்று.

அந்த மாதக் கூட்டத்தில் இயக்குநர் குமாஸ்தாவை எழுந்து நிற்கச் சொன்னார். "இவரைப் பாருங்க. சொந்த அக்கா வீட்டுக்காரர்னும் பாக்காம நோட்டீஸ் அனுப்பியிருக்காரு. தராசு முள்ளு மாதிரி மனுஷன். இப்படி பிரிவுக்கு ஒருத்தர் இருந்தா போதும், கடல் தானா நேரா ஆயிடும்." எல்லோரும் கைதட்டினார்கள். குமாஸ்தாவுக்கு உச்சி குளிர்ந்தது. அவர் மேசையை மின்விசிறிக்கு நேர் கீழே மாற்றிப் போட்டார்கள். அந்த அலுவலகத்தில் அது ஒரு பதவி உயர்வுக்குச் சமம்.

அக்கா ஃபோன் செய்தாள். "ஏன்டா, நோட்டீஸ் அனுப்ப உனக்கு வேற கப்பலே கிடைக்கலையா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா."

"மத்தவங்களுக்கெல்லாம் காத்து பலமா வீசுதாமே. எங்களுக்கு மட்டும் ஏன்டா காத்து வீசல?"

குமாஸ்தா ஃபோனை வைத்தார். விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் அன்று அவருக்கு வியர்த்தது. அந்த மாத ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேலை இல்லாமலும் இல்லை.

அடுத்தது குறுக்குப் பிரிவு அம்மாவின் முறை. ஒரு நாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் சிமென்ட் கப்பலும் மரம் ஏற்றிய ஒரு கப்பலும் ஒரே இடத்துக்கு வருகின்றன. சிமென்ட் கப்பல் என்றால் அத்தான்தான்.

"ரெண்டு பாதையும் நாம அங்கீகாரம் பண்ணினதா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆமா சார். அதனாலதான் சொல்றேன். ஒருத்தரை மாத்திக்கச் சொல்லணும்."

"மாத்தச் சொன்னா, நாமளே விலகச் சொன்ன மாதிரி ஆகாதா? அப்புறம் நம்ம பேருக்கு நாமளே நோட்டீஸ் அனுப்பிக்கறதா? அதெல்லாம் வேண்டாம். அங்கீகாரம் ஆன ரெண்டு பாதை எப்படிம்மா மோதும்? ஒரு வாழ்த்து அனுப்புங்க."

இரு கப்பல்களும் தத்தம் பாதையில் உறுதியாகச் செல்ல மையம் வாழ்த்துகிறது என்று செய்தி போயிற்று. செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு இரண்டு கேப்டன்களும் ஒருவரை ஒருவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். திரும்பினால் நோட்டீஸ். இருவரும் யோசித்து, இரண்டு பேரும் நங்கூரம் போட்டு நின்றார்கள். நிற்பது விலகல் ஆகாது என்பதை அந்தக் கடலில் முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான்.

"நீங்க போங்க," என்றார் அத்தான் ரேடியோவில்.

"நான் எப்படிங்க போறது, நடுவுல நீங்க நிக்கறீங்களே. நீங்க போங்க."

இப்படியே நான்கு மணி நேரம். கடைசியில் மரக்கப்பலின் நங்கூரம் பிடிவிட்டு, நீரோட்டம் அதை இருநூறு மீட்டருக்குள்ளேயே மெல்லத் தள்ளிக்கொண்டு போய் வழி உண்டாக்கியது. சுவரில் இரண்டு புள்ளிகளும் கடைசிவரை பச்சையாகவே இருந்தன. முதலில் இயக்குநருக்கு மகிழ்ச்சிதான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருட வழக்கம் லேசில் போகுமா? நான்கு மணி நேரத் தாமதம்!

"நின்னா சும்மா விட்டுடறதா? இதுக்கு ஒரு விதி எழுதிக் கொண்டாங்க," என்றார் குமாஸ்தாவிடம்.

குமாஸ்தா எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதம் காலவிலகல் எனப்படும் என்று அழகாக ஒரே வரியில் எழுதினார். அந்த வரியின் அழகில் அவரே சற்று மயங்கியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இயக்குநர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தார். "முன்தேதியிட்டு." அத்தானுக்கு இரண்டாவது நோட்டீஸ் போயிற்று.

முன்தேதி போடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று குமாஸ்தா தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார். அதில் உண்மை இருந்தது. ஆனால் உண்மையைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்தத் தடவை அத்தான் பதில் எழுதவில்லை. நேரிலேயே வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, குமாஸ்தாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு வயது ஐம்பத்தேழு. இன்னொரு நோட்டீஸ் வந்தால் ஒரு வருடம் கரை. ஒரு வருடம் கரையில் உட்கார்ந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரை எந்த முதலாளியும் மறுபடி கப்பலில் ஏற்ற மாட்டான். இது இரண்டு பேருக்கும் தெரியும் என்பதால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"மாப்ளே, திரும்பவும் கூடாது, நிக்கவும் கூடாது," என்றார் அத்தான். குரலில் கோபமே இல்லை. "எதிரே ஏதாவது வந்தா என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லிடு. அதையே பண்ணிடறேன்."

குமாஸ்தா காலிப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன் நகர்த்தினார். கேலியாக அல்ல, உண்மையாகவே உதவ நினைத்துச் சொன்னார்.

"எதிரே எதுவும் வராத மாதிரி பாதை எழுதிக் கொடுங்க அத்தான்."

அத்தான் அவரையே பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி" என்று எழுந்து போய்விட்டார். அவர் படி இறங்குகிற சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. கூப்பிட்டு ஏதாவது சொல்லலாமா என்று குமாஸ்தா நினைத்தார். அதற்குள் சுவரில் இன்னொரு புள்ளி சிவப்பானது.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து மூன்று பேர் மையத்தைப் பார்வையிட வந்தார்கள். இயக்குநர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார். அன்று காலை பத்து மணியிலிருந்தே சுவரில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இதுவரை அப்படி ஆனதே இல்லை. பன்னிரண்டு மணிவரை இப்படியே போனால் முழுப்பச்சை நாள் என்று அறிவிக்கலாம். இனிப்புப் பெட்டிகள் வந்து மூலையில் அடுக்கியாயிற்று.

பதினொன்று பத்துக்குச் சிமென்ட் கப்பலின் எண் ஏறத் தொடங்கியது. நாற்பது. எண்பது. நூற்றிருபது. குமாஸ்தா திரைக்கு அடியில் போய் நின்றுகொண்டார். அவருக்கு மேலிடம், முழுப்பச்சை எதுவும் நினைவில்லை. மூன்றாவது நோட்டீஸ் ஒன்றுதான் நினைவில் இருந்தது. வேண்டாம் அத்தான், தாண்டிடாதீங்க என்று மனதுக்குள் கெஞ்சினார். நூற்றறுபது. நூற்றெழுபத்தைந்து. நூற்றெண்பத்திரண்டு. அங்கேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கப்பலின் வேகம் குறைந்தது, ஆனால் பன்னிரண்டு நிமிடம் ஆவதற்குள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. குமாஸ்தாவுக்குப் போன உயிர் வந்தது. அக்காவின் முகம் கண்ணில் தெரிந்தது. அவர்தான் முதலில் கைதட்டினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பன்னிரண்டு அடித்ததும் இனிப்புப் பெட்டிகளைத் திறந்தார்கள். குமாஸ்தா இரண்டு எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டே காலுக்கு ஃபோன் வந்தது. குறுக்குப் பிரிவு அம்மா எடுத்துப் பேசினார், இல்லை, கேட்டார். வைத்த பிறகு நின்ற இடத்திலிருந்தே சொன்னார். சிமென்ட் கப்பலில் வலை சிக்கியிருக்கிறது. வலையோடு படகு இழுபட்டுக் கவிழ்ந்துவிட்டது. படகில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைத் தூக்கிவிட்டார்கள். தம்பியின் கால் வலைக்கயிற்றில் மாட்டி நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

இயக்குநர் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினார். "விலகல் ஏதாவது இருந்துச்சா?"

குமாஸ்தாவின் வாயில் இனிப்பு இருந்தது. இல்லை என்று தலையாட்டினார்.

"நல்லவேளை," என்றார் இயக்குநர்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. கப்பல் அனுமதித்த அளவுக்குள் சென்றிருக்கிறது, அனுமதித்த நேரத்துக்குள் சென்றிருக்கிறது. படகு கடலில் இல்லாதது. ஆகவே விபத்து நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று இயக்குநர் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு நோட்டீஸ் வாங்கின மனுஷன் எப்படித் திருந்தியிருக்காரு பாருங்க," என்று கூட்டத்தில் சொன்னார். "அவ்வளவு சோதனையான நேரத்துலயும் பதினெட்டு மீட்டர் மிச்சம் வெச்சிருக்காரு. இதுதான் இந்த மையத்தோட சாதனை. அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்கறோம். எழுதறது நம்ம தராசு முள்ளுதான்."

குமாஸ்தா எழுதினார். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் தாள் வீணாயிற்று, இரண்டாவது தாளில் நன்றாக வந்தது. அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உறையைப் பிரித்துப் படித்தார். மடித்து மறுபடி உறையிலேயே வைத்தார்.

"கடைசி மிதவை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் மாப்ளே," என்றார். "நானூறு மீட்டர் திருப்பியிருந்தா போதும். நூத்தெண்பத்திரண்டு வரைக்கும் திருப்பினேன். திரையில உங்க நம்பர் ஓடிட்டே இருந்துச்சு. நான் தண்ணியைப் பாக்கல, நம்பரைத்தான் பாத்துட்டு இருந்தேன். முப்பத்து மூணு வருஷத்துல நான் தண்ணியைப் பாக்காம இருந்தது அன்னிக்கு ஒரு நாள்தான்."

"அத்தான், நான் வந்து…"

"நீ என்ன பண்ணுவ. நான்தானே சுக்கான் பக்கத்துல நின்னேன்."

அக்கா சாப்பிட்டுப் போ என்றாள். திட்டியிருந்தால் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அவள் திட்டவில்லை. குமாஸ்தா பசியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். தெருவில் நடக்கும்போது, அந்த இரண்டாவது இனிப்பை எடுத்திருக்க வேண்டாம் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது. பெரிய தப்பைத் தூக்க முடியாதபோது மனது சின்னத் தப்பாகப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும்போலிருக்கிறது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்.

ஆண்கள் வார்டில் பதினோராவது கட்டில். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் இருந்த அண்ணன், குமாஸ்தாவின் கழுத்தில் தொங்கிய மையத்தின் அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். கை விரல்களில் கயிறு அறுத்த காயங்களுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

"விசாரணைக்கு வந்திருக்கீங்களா சார்? தப்பு எங்க மேலதான் சார்," என்றார். "நாங்க பாதை எழுதிக் கொடுக்கல. கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, நான்தான் போகல. அன்னிக்கு நல்ல மீன் வரத்து."

குமாஸ்தா வாயைத் திறந்தார். இவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

அதற்குள் அந்தப் படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பதினான்கு பத்திப் படிவம். "துறைமுக வாசல்ல கேட்டு வாங்கிட்டேன் சார். இனிமே தம்பி வர முடியாது. நான் ஒருத்தன்தான் போகணும். எழுதிக் கொடுத்துட்டே போறேன். எனக்கு விரல் மடங்கல. நீங்களே கொஞ்சம் எழுதித் தர முடியுமா?"

குமாஸ்தா பேனாவை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் படிவத்தை வைத்து எழுதினார். பெயர் எழுதினார். படகின் நீளம் எழுதினார். திரும்பும் இடங்கள் என்ற பத்தி வந்தபோது படகுக்காரர் கூச்சத்தோடு, "உங்களுக்கு எது தோதோ அதைப் போடுங்க சார், நான் அங்கேயே வலை போட்டுக்கறேன்" என்றார். குமாஸ்தா மூன்று இடம் போட்டார். மீன் இல்லாத இடங்கள் என்று அவருக்கே தெரியும்.

"இதைக் கொடுத்துட்டா, எதிரே வர்ற கப்பல் சுத்திட்டுப் போயிடும்ல சார்?"

பேனா நின்றது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவர் நன்றி சொல்வார், படிவம் நிறைந்துவிடும், பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். குமாஸ்தா வாழ்க்கையில் இதைவிடக் கடினமான இடத்தில் இதைவிடச் சுலபமாகப் பொய் சொன்னவர்தான்.

"போகாது," என்றார்.

படகுக்காரர் புரியாமல் பார்த்தார்.

"அந்தக் கேப்டன் உங்க வலையைப் பாத்தாரு. சுத்திட்டுப் போகணும்னு அவருக்குத் தெரியும். ஒரு தடவை இன்னொரு வலையை அப்படித்தான் சுத்திட்டுப் போனாரு. அதுக்கு நோட்டீஸ் அனுப்பினது நான். இருநூறு மீட்டருக்கு மேல திரும்பக் கூடாதுன்னு எழுதினதும் நான். நிக்கக் கூடாதுன்னு எழுதினதும் நான்தான். நீங்க படிவம் கொடுத்திருந்தாலும் அவரு திரும்பியிருக்க மாட்டாரு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கட்டும் என்று நினைத்தார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தட்டும் என்று நினைத்தார். அப்படி ஏதாவது நடந்தால் நன்றாயிருக்கும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

படகுக்காரர் கத்தவில்லை. அந்தப் படிவத்தை வாங்கி, எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டிலில் வைத்தார். தம்பியின் போர்வையைச் சரி செய்தார். பிறகு கேட்டார்.

"அப்போ இதெல்லாம் நான் யார்கிட்ட சார் போய்ச் சொல்லணும்? அதுக்குன்னு ஒரு ஆள் இருப்பாங்கல்ல?"

குமாஸ்தா மையத்தின் அறைகள் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஐந்து மேசை, ஓர் இயக்குநர், ஒரு சுவர். அப்படி ஓர் ஆள் இல்லை.

"என்கிட்டதான்," என்றார்.

படகுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது அந்தப் பார்வையில் சார் இல்லை. காலால் ஸ்டூலை இழுத்து, குமாஸ்தாவின் முழங்காலில் இடிக்கிற மாதிரி நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ கேட்டுக்க," என்று, அன்று காலை தம்பியை எழுப்பியதிலிருந்து தொடங்கினார்.